வக்கீல் இல்லை என்பதற்காக வாய்மூடி இருப்பதா?



ஆசையாய் வாங்கிய மிக்ஸி மூன்றே மாதத்தில் புகைந்து நிற்கிறது. கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டுகிறார். கம்பெனி கடைக்காரரைக் கை காட்டுகிறது. நம்மவர் என்ன செய்கிறார்? "நம்ம நஸீபு அவ்வளவுதான்" என்று வீடு திரும்பி விடுகிறார். இன்னொருவருக்குக் கடையே எரிந்து போகிறது. வருடா வருடம் பிரிமியம் வாங்கிய இன்சூரன்ஸ் கம்பெனி ஒரே கடிதத்தில் கைவிரிக்கிறது. அவரோ தெரிந்த அரசியல் பிரமுகரின் வாசலில் போய் நிற்கிறார். "கேஸ் போடலாமே" என்றால், "வக்கீல் பீஸுக்கு எங்கே போவது?" என்கிறார்.

வக்கீலே வேண்டாம் என்கிற வாசல் ஒன்று திறந்துதான் கிடக்கிறது. நாம்தான் அந்தப் பக்கம் போவதில்லை!

காசு எவ்வளவு ஆகும்?

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் என்பது அதன் பெயர். 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை மாற்றி 2019-ல் புதுச் சட்டம் இயற்றினார்கள். அது 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் ஒரு பைசாவும் கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400. 50 லட்சம் வரை 1000. அதற்கும் மேலே போனால்தான் மாநில ஆணையம்.

கம்பெனி டெல்லியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ, வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நீங்களே நேரில் நின்று, நீங்களே பேசலாம்.

வியாபாரிக்கு இதில் இடம் உண்டா?

"இதெல்லாம் வீட்டுக்குச் சாமான் வாங்குபவர்களுக்குத்தான், வியாபாரிக்கு இல்லை" என்று நம் கடைவீதிகளில் ஒரு பேச்சு உண்டு. இது பாதிதான் உண்மை. மறுவிற்பனைக்காக வாங்கும் சரக்குக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் தன் பிழைப்புக்காகத் தானே உழைப்பவர் வாங்கும் கருவிக்குப் பொருந்தும். 1995-ல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த எல்லையைத் தெளிவாக வகுத்தது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர்தான். தானே இயக்க லேத் மிஷின் வாங்குபவரும் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக் கொண்டாலும் அந்த உரிமை போகாது.

இன்சூரன்ஸ் விஷயத்தைக் கவனியுங்கள். 2002 பிப்ரவரி 28 அன்று குஜராத் கலவரத்தில் ஹர்சோலியா மோட்டார்ஸ் என்ற வாகன விற்பனை நிறுவனத்தின் சொத்துக்கள் தீக்கிரையாயின. தீ விபத்துப் பாலிசி இருந்தும் இழப்பீட்டில் தகராறு வந்தது. "இவர்கள் வியாபாரிகள், நுகர்வோர் அல்லர்" என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடியது. 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இன்சூரன்ஸ் எடுப்பது லாபம் சம்பாதிக்க அல்ல, இழப்பை ஈடுகட்டத்தான் என்றது. கலவரத்தில் கடை இழந்த நம் வியாபாரிகளில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

எழுதுவது எப்படி?

முதலில் எதிர்தரப்புக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குறை என்ன, என்ன பரிகாரம் வேண்டும் என்று சொல்லி, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மனு எழுதுங்கள். யாரிடம், எந்தத் தேதியில், என்ன வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன குறை, என்ன வேண்டும்? இவ்வளவுதான் மனு! வசைமொழி வேண்டாம். தேதியும் தொகையும் பேசட்டும். பில், வாரண்டி அட்டை, கடித நகல் ஆகியவற்றை இணைத்து, பிரமாணப் பத்திரமும் வையுங்கள். இணையத்தில் தாக்கல் செய்ய 2025 முதல் 'இ-ஜாக்ரிதி' தளம் இருக்கிறது. முதலில் ஆலோசனை வேண்டுமென்றால் 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போக வேண்டும். எதிர்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் கிடையாது என்று 2020-ல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே தீர்ப்பளித்து விட்டது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் வாய்தா நீளத்தான் செய்கிறது. ஆனாலும் உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 25 ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை அபராதம் விதிக்க முடியும். பொறுமையாக நிற்பவருக்குப் பலன் உண்டு.

கடனுக்குச் சரக்கு கொடுத்துப் பணம் வராமல் தவிப்பவருக்கு வேறு வழி. வழக்குப் போடும் முன்பே சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம். அங்கே இருதரப்பும் ஒத்துக்கொண்டு எழுதிய முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது.

பில் எங்கே?

இவ்வளவும் படித்துவிட்டு மேஜையைத் திறந்து பாருங்கள். பில் இருக்கிறதா? வரி மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்குகிறோம். பிறகு ஆதாரம் இல்லாமல் அழுகிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்வதற்கென்றே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் இறங்கியிருக்கிறது. அந்தச் சமுதாயம் துண்டுச் சீட்டும் வாய்ச்சொல்லுமாக வியாபாரம் செய்யலாமா? நம் கடைக்கு வருபவருக்கும் இதே நீதிதான். கேட்காமலே பில் கொடுங்கள். குறையிருந்தால் மாற்றிக் கொடுங்கள். நம்மை எதிர்தரப்பாக்கி இன்னொருவர் மனு எழுதும் நிலை வரக்கூடாது.

இளைஞர்களே! ஆர்ப்பாட்டத்துக்கு அழைத்தால் ஆயிரமாய்த் திரள்கிறீர்கள். அது தேவைதான். ஆனால் ஒரு விதவைத் தாய்க்கு மறுக்கப்பட்ட இன்சூரன்ஸ் பணத்துக்காக ஒரு பக்கம் மனு எழுத, நம் மஹல்லாவில் ஆள் இருக்கிறதா? ஜமாஅத்துக்கு இரண்டு பட்டதாரிகள் முன்வாருங்கள். அடுத்த மாதம் உங்கள் மாவட்ட ஆணையத்துக்குப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து விசாரணையைக் கவனியுங்கள். வந்து ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் மக்களுக்குச் சொல்லுங்கள். முதல் மனுவை அந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.