பத்தாவது தேறாதவர் பாதிக் குடிமகனா?

தெள்ளாரில் தறியும் கூலி வேலையும் சோறு போடாதபோது நம் மக்கள் வளைகுடாவுக்குக் கிளம்புகிறார்கள். விமான நிலையத்தில் அவர்களை முதலில் மறிப்பது சவூதியோ குவைத்தோ அல்ல, நம் அரசுதான். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தைக் காட்டி, பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ‘இசிஆர்’ முத்திரை குத்துகிறார்கள். 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனி அனுமதி வாங்க வேண்டும். வருமான வரி கட்டுபவருக்கோ விலக்கு உண்டு!

நம்மைப் பள்ளியிலிருந்து துரத்தியது சாதியும் வறுமையும். அதற்கான தண்டனையும் நமக்கேவா?

2018 ஜனவரியில் இவர்களுக்கு ஆரஞ்சு நிறப் பாஸ்போர்ட் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் 30ஆம் தேதி கைவிட்டார்கள். நிறம் போனது, முத்திரை போகவில்லை.

பாதுகாப்புக்காகத்தான் என்கிறார்கள். அனுமதிக்கு அலைய முடியாதவரை ஏஜென்ட் விசிட் விசாவில் ஏற்றிவிடுகிறான். ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. விசாரிக்க வேண்டியது அந்த ஏஜென்டை, கூலியை அல்ல.

வெளிநாடு செல்வது 21ஆம் பிரிவு தரும் உரிமை என்று 1967இலும், மேனகா காந்தி வழக்கில் 1978இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோழர்களே, நம் ஊர்க்காரரைக் கவுண்டரில் திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேட்போம். உரிமைக்கு மதிப்பெண் பட்டியல் தேவையில்லை.