வியாபாரியின் பரிவு

சீன தேசத்து ஷென்ஸென் நகரைச் சேர்ந்த, 2006-ஆம் வருஷம் ஸ்தாபிக்கப்பெற்ற டிரான்ஷன் கம்பெனி, டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் என்ற பெயர்களில் ஆப்பிரிக்கக் கண்டமெங்கும் கைப்பேசிகளை விற்று வருகிறது. சொந்த நாட்டில் அதை அறிந்தோர் சொற்பம். ஆப்பிரிக்காவிலோ பல வருஷங்களாக விற்பனையில் அது முன்னணியில் நிற்கிறது. இதன் காரணம் நமது நேயர்கள் சிந்திக்கத் தக்கது.

மற்றக் கம்பெனிகளின் காமிராக்களில் கறுத்த மேனியுடையோரின் முகம் தெளிவாக விழவில்லை. டிரான்ஷன் அம்மேனிக்கு ஏற்பக் காமிராவைத் திருத்தியது. ஒரு தொலைபேசிக் கம்பெனியிலிருந்து மற்றொன்றுக்குப் பேசக் கட்டணம் அதிகமாதலால், ஒரே கருவியில் பல சிம் கார்டுகளுக்கு இடம் வைத்தது. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களுக்கு நெடுநேரம் தாங்கும் பாட்டரியை அளித்தது. எத்தியோப்பியருக்கு அம்ஹாரிக் எழுத்துக்களைத் தந்தது. 2011-ல் அந்நாட்டிலேயே தொழிற்சாலையும் திறந்தது.

வாங்குவோனை மதித்துச் செய்த இக்காரியத்தை நாம் குறை கூறோம். ஆயினும் வியாபாரியின் பரிவு வேறு, ஜனங்களின் சுதந்திரம் வேறு. நமது தேச சரித்திரமே இதற்குச் சாக்ஷி. 1866-ல் ஃபோர்ப்ஸ் வாட்ஸன் என்ற ஆங்கிலேய அரசாங்க உத்தியோகஸ்தர், நம் நெசவாளரின் துணிகளிலிருந்து 700 மாதிரிகளை வெட்டி, 18 தொகுதிகளாகச் சேர்த்து, பிரிட்டிஷ் ஆலை நகரங்களுக்கு வழங்கினார். நம் வேஷ்டி, புடவை, தலைப்பாகைகளின் அளவையும் கரையையும் அங்குள்ள முதலாளிகள் கற்றுக்கொள்வதே அதன் நோக்கம். நம் ருசியறிந்து நெய்த அந்நியத் துணி, ஏற்கெனவே தளர்ந்திருந்த நம் தறிகளை மேலும் நசுக்கிற்று.

சமீபகால அனுபவமும் அதுவே. 2003-ல் வந்த நோக்கியா 1100, டார்ச் விளக்கும் தூசி புகாத விசைகளும் கொண்டு நம் கிராமத்தாரின் மனத்தைக் கவர்ந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலையோ 2014-ல் மூடப்பட்டது. வரி வழக்கு, கம்பெனி கைமாறியது எனக் காரணங்கள் பல கூறப்பட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீதிக்கு வந்தனர். பொருத்தும் கூலி நம்முடையதாயிருந்தது. உருவம் வகுக்கும் வித்தை நம்முடையதாயில்லை.

இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்கள் பொருத்தப்படுகின்றன. இதில் மகிழ்வோம், ஆனால் இத்துடன் திருப்தியடைதல் தகாது. ஒரு ஜாதியாரின் முகமும் மொழியும் ஒரு கருவியில் தெளிவாகத் தோன்றுவது, அந்நிய வியாபாரி அதில் லாபம் காணும் வரையில்தான் என்றிருத்தலாகாது. நம் சர்க்காரும் முதலாளிகளும் சர்வகலாசாலைகளும் அவ்வித்தையை நம் வாலிபர்க்கு உரிமையாக்க முற்படுக. நம் தேவையை அந்நியன் அறிந்திருப்பது அவனது சாமர்த்தியம். அதை நாமே பூர்த்தி செய்துகொள்வதன்றோ சுதேசியம்!