தீமிதிப் பேனரில் சுடர் எதற்கு?

திருவிழாக் காலம் வந்துவிட்டால் சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரத்து டிசைனர்களுக்கு ஓய்வு கிடையாது. தோட்டத்து மாரியம்மன் கோயில் வேலைகளில் தீமிதிப் பேனர்தான் நம் கைக்குச் சவால். அதில்தான் தவறும் அதிகம் நடக்கிறது. பக்தரின் இடுப்பளவுக்குத் தீ நாக்குகளை எழுப்பிவிடுகிறோம். தீக்குழியில் அப்படி எரிவதில்லை. விறகு எரிந்து அடங்கி, தணலை வாரிப் பரப்பிச் சமன்செய்த பிறகே கரகம் இறங்குகிறது. மேலே சாம்பல் பூத்திருக்கும். கால் பட்ட இடத்தில் அது விலகிச் செம்மஞ்சளாகத் தணல் தெரியும். அனலுக்கு அப்பால் நிற்பவரின் உருவம் லேசாக நெளியும். இவ்வளவையும் படத்தில் கொண்டுவந்தால் பார்ப்பவருக்கு உள்ளங்கால் சுடும்.

எந்தத் தீயை வரைகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். நெய்விளக்கின் சுடர் அடியில் சற்று நீலமாக, அசையாமல் நிற்கும். கற்பூரச் சுடர் துடிக்கும், நுனியில் கரும்புகை விடும். இரண்டுக்கும் ஒரே படத்தை இணையத்திலிருந்து இறக்கி ஒட்டுவது நம் தொழிலுக்கு அழகல்ல.

சுடர் எப்படி ஒளிவிடுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-61 குளிர்காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றித் தொடர் உரை ஆற்றினார். மின்விளக்கின் வலுவான ஒளியில் சுடரை வைத்து, அதன் நிழலைத் திரையில் விழவைத்தார். சுடரில் எந்தப் பகுதி மிகப் பிரகாசமோ, அதன் நிழல்தான் மிகக் கருமையாக விழுந்தது. மஞ்சள் ஒளியைத் தருவது சூடேறிய கரித்துகள்கள் என்பது இதிலிருந்து விளங்கும். சுடர் என்பது ஒளிவிடும் பொருள். ஆகவே அது தன்னைச் சுற்றியுள்ளவற்றின் மீது ஒளியைக் கொட்டியாக வேண்டும்.

நம் படங்களில் விடுபடுவது இந்த ஒளிதான். ஃபோட்டோஷாப்பின் ஃபிளேம் ஃபில்டர் நாம் போடும் பாத் மீது தீயை வரைந்து தருகிறது. அது அடித்தளத்துக்கு உதவும், அவ்வளவே. அளவும் சாய்வும் மாற்றி மூன்று நான்கு லேயர்களாக அடுக்கினால்தான் ஒரே அச்சில் வார்த்த தோற்றம் போகும். லேயரை ஸ்கிரீன் முறையில் வைத்தால் கறுப்புப் பின்னணி மறைந்துவிடும். ஆனால் நண்பகலில் எடுத்த படத்தின் மேல் வைத்தால் சுடரும் வெளிறிப்போகும். வெயிலில் உண்மைத் தீயும் அப்படித்தான் வெளிறித் தெரியும். எனவே கர்வ்ஸில் படத்தை முதலில் இருட்டாக்குங்கள். பிறகு தாடை, மூக்கின் கீழ்ப்பக்கம், வேட்டி மடிப்பு ஆகியவற்றில் கீழிருந்து வரும் செம்மஞ்சள் ஒளியைத் தீட்டுங்கள். சுடரைக் கடைசியில் வையுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு வார்த்தை. வேலை முழுவதையும் ஆர்ஜிபியில் முடித்து, லேயர்களை ஒன்றாக்கிய பிறகே சிஎம்ஒய்கேக்கு மாற்றுங்கள். முன்பே மாற்றினால் ஸ்கிரீன் வேறு மாதிரி நடந்துகொள்ளும். சுடரின் நடுப்பகுதியில் சயானும் கறுப்பும் கலந்தால் தீ செங்கல் நிறமாகிவிடும். பேனர் துணியின் வெண்மையைவிட வெளிச்சமான எதுவும் அச்சில் கிடைக்காது. அதனால் சுற்றிலும் இருட்டைக் கூட்டித்தான் சுடரை எரியவைக்க முடியும்.

இந்த ஆண்டு தீமிதிக்குப் போகும்போது, கோயில் நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு கேமராவையும் எடுத்துப் போங்கள். விறகு கொழுந்துவிட்டு எரியும்போது ஷட்டரை 1/500க்கு மேல் வைத்து, எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள். தணல் பரப்பிய பிறகு டிரைபாடில் வைத்து மெதுவான ஷட்டரில் எடுங்கள். குழி ஓரத்தில் நிற்பவர்களின் முகங்களையும் விட்டுவிடாதீர்கள்.