அவிநாசித் தேரும் அறங்காவலர் இருக்கையும்

சித்திரை பிறந்தால் திருப்பூர்ப் பக்கம் அவிநாசித் தேரைப் பற்றித்தான் பேச்சு. பவர் டேபிளில் தைப்பவர்களும் செக்கிங் பெண்களும் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். அந்த ஊரின் பழைய பெயர் திருப்புக்கொளியூர். கொங்கு நாட்டின் பாடல் பெற்ற தலங்கள் 7-ல் ஒன்று. முதலை விழுங்கிய 5 வயதுப் பையனை, சில ஆண்டுகள் கழித்து வந்த சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்பது தல வரலாறு. சேக்கிழார் அதைச் சொல்லும் விதம் கவனிக்க வேண்டியது. ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்தின் மங்கல ஓசை, எதிர்வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் அழுகை. சுந்தரர் மங்கல ஓசையோடு போய்விடவில்லை. அழுகைக்குக் காரணம் கேட்டார்.

இதே சுந்தரர்தான் திருத்தொண்டத்தொகையில், திருநாளைப்போவாருக்கும் தாம் அடியவர் என்கிறார். திருநாளைப்போவார் என்பது நந்தனார். கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். கொடுத்த கோயிலுக்குள் போக முடியாதவர். தில்லையில் தீயில் இறங்கிய பிறகே அவருக்கு வழி திறந்தது என்கிறது புராணம். அந்தத் தீயைப் பற்றி எங்களுக்குச் சொல்ல நிறைய உண்டு, இன்னொரு நாள் சொல்கிறோம்.

அறுபத்துமூவர் வரிசையில் நந்தனாரும் சிலையாகி, சிவன் கோயில்களுக்குள்ளே பூவும் தீபமும் பெற்றார். அவர் வழி வந்த நாங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வெளியே நின்றோம். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் கோயில் நுழைவை உரிமையாக்கியது.

அவிநாசிக் கோபுர வாசலில் இன்று யாரும் சாதி கேட்பதில்லை. பெரிய கோயில், பெருங்கூட்டம், யார் யாரைக் கேட்பது? பனியன் கம்பெனியிலும் அப்படித்தான். ஒரே பெஞ்ச், ஒரே டீ. ஆனால் நோம்பிக்கு ஊருக்குப் போனால், பக்கத்து மெஷின்காரர் கோயிலுக்குள் நிற்பார். நம் ஆள் வாசலில் நிற்பார். திங்கட்கிழமை இருவரும் மறுபடி ஒரே பெஞ்சில். மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில், கம்பள நாயக்கன் வீதியில் எங்கள் மக்கள் செருப்புப் போட்டு நடந்தது 2023 டிசம்பரில்தான். அவிநாசியை அடுத்த சேவூர் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று 2018-ல் ஊரார் மறித்தார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணையே இடம் மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகே உத்தரவு திரும்பியது. பாடல் பெற்ற தலம் இருக்கும் அதே வட்டத்தில், பிள்ளைகளின் சோற்றுத் தட்டில் சாதி பார்த்திருக்கிறார்கள்.

உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வருவது மட்டும் எங்களுக்குப் போதாது. திருவிழாவின் எந்த நாள் யார் மண்டகப்படி, எந்தத் தெருவில் சாமி வரும், முதல் மரியாதை யாருக்கு என்பதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்பதே எங்கள் கேள்வி. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு, பரம்பரை அறங்காவலர் இல்லாத கோயில்களில் 3 முதல் 5 பேர் வரை குழு அமைக்கச் சொல்கிறது. அதில் ஒருவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்க வேண்டும், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அந்த ஓர் இருக்கைக்கு, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடும் ஆளாகத் தேடிப் பிடிக்கும் வழக்கம் நமக்குத் தெரியாததல்ல. கூட்டத்தில் எழுந்து, சாமி ஏன் எங்கள் வளவுக்கு வரவில்லை என்று கேட்கிற ஆள் அங்கே உட்கார வேண்டும்.

அறங்காவலர் பணிக்கு விண்ணப்பம் கோரும் அறிவிப்பை அறநிலையத் துறை தன் அலுவலகப் பலகையோடு நிறுத்தாமல், மாவட்டத்தின் ஒவ்வொரு வளவிலும் ஒட்டட்டும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க நம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.