ஔவையின் குரல் நடுங்கவில்லை



நம் தமிழ்ப்பள்ளிகளின் மாறுவேடப் போட்டிகளில் ஓர் ஔவையார் தவறாமல் வருவார். வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, பவுடர் தூவி நரைக்க வைத்த தலை, கையில் ஒரு கோல். மேடையேறியதும் அந்தக் குழந்தை முதுகை வளைத்துக் குரலை நடுங்கவிட்டு ஆத்திசூடி சொல்லும். நாமும் கைதட்டிப் பரிசு கொடுப்போம்.

நம் மனத்தில் அந்தக் கோலத்தைப் பதித்தவர் கே. பி. சுந்தராம்பாள். அவரிடமிருந்து சேலையையும் கோலையும் எடுத்துக்கொண்டோம். எடுக்க வேண்டிய குரலை மட்டும் விட்டுவிட்டோம்.

ஜெமினி நிறுவனத்தின் 'ஔவையார்' 1953இல் வெளிவந்தது. எஸ். எஸ். வாசன் தயாரித்த அப்படத்தைக் கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது ஏறக்குறைய நாற்பத்தைந்து. இன்று என் வயதும் ஏறத்தாழ அதுவே. அவர் தலையை நரைக்க வைத்தார், நடையைத் தளர்த்தினார், ஆனால் குரலை முதுமையாக்கவில்லை. கணீரென்ற அந்த வெண்கலக் குரல் அரசவையிலும் தெருவிலும் ஒரே உறுதியோடு ஒலிக்கிறது. கோட்டையைத் தகர்க்க யானைக் கூட்டம் வரும் காட்சியை எல்லோரும் வியந்து பேசுவார்கள். எனக்கோ, யானைகள் வருவதை நம்ப வைப்பதே அந்தக் குரல்தான் என்று தோன்றும்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1965இல், ஏ. பி. நாகராசனின் 'திருவிளையாடல்' படத்தில் அவர் மீண்டும் ஔவையாக வந்தார். கனிக்காகக் கோபித்துக் குன்றேறி நிற்கும் முருகனின் முன் நின்று பாடுகிறார். அப்பாட்டில் கெஞ்சல் இல்லை, அதட்டலும் இல்லை. பிள்ளையின் சினத்தை நன்கறிந்த ஒரு பாட்டியின் உரிமை இருக்கிறது. தெய்வத்தையே கண்டித்துச் சமாதானப்படுத்தும் உரிமையை ஒரு பெண்ணின் குரலுக்கு இவ்வளவு இயல்பாகத் தந்த காட்சி தமிழ்த் திரையில் வேறு உண்டா?

சிலர் சொல்வார்கள்: "அவர் நடிக்கவில்லை, பாடினார், அவ்வளவுதான்." இதை நான் ஏற்கமாட்டேன். வேந்தருக்கு அறிவுரை சொன்ன புலவரின் அதிகாரம் எங்கே இருக்கிறது? சொல்லில் இருக்கிறது; சொல்லைத் தாங்கும் குரலில் இருக்கிறது. அந்தக் குரலைத் தளரவிடாமல் காத்ததே அவருடைய நடிப்பு.

அந்தக் குரல் எளிதில் வந்ததன்று. 1908இல் கொடுமுடியில் பிறந்து, வறுமையால் இரயில் வண்டிகளில் பாடிய சிறுமி அவர். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடைகளில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாடி வளர்ந்தார். கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. அதன்பின் வெள்ளை உடையே அவர் உடையாயிற்று. 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில், அந்நாளில் பெரும் பேச்சாக இருந்த ஒரு இலட்சம் ரூபாய் ஊதியத்தில், ஆண் வேடத்தில் நந்தனாராகவே நடித்தார். 'ஆண்பிள்ளைக் குரல்' என்று அவரை யாரும் ஒதுக்கவில்லை.

இனி என் வருத்தத்துக்கு வருகிறேன்.

இங்கே பாகான் நக்கோடா ஓமார் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எனக்கு மாணவியாக இருந்தாள். ஐந்தாம் ஆண்டு. வாய்க்காலுக்கு அப்பால் விளையாடும் தம்பியை அவள் ஒருமுறை அழைத்தால் போதும். தோட்டமே திரும்பிப் பார்க்கும். பாட்டுப் போட்டி ஒன்றுக்கு அவளை அழைத்துச் சென்றேன். தாளம் தவறவில்லை, உச்சரிப்பில் லகர, ழகரப் பிழை ஒன்றும் இல்லை. முடிவுக்குப் பின் நீதிபதி ஒருவர் என்னிடம், "நன்றாகத்தான் பாடினாள், டீச்சர். ஆனால் குரலில் இனிமை இல்லை. ஆண்பிள்ளைக் குரல்" என்றார். அருகில் நின்ற அவள் அதைக் கேட்டுவிட்டாள்.

அதைவிடப் பெரிய பிழை என்னுடையது. பயிற்சியின்போது நானே அவளிடம், "மெல்லப் பாடு, குரலைச் சன்னமாக்கு" என்று பலமுறை சொல்லியிருந்தேன். அடுத்த ஆண்டு அவள் பாட வரவில்லை.

குரலின் உயரம் வேறு, கனம் வேறு. இந்த வேறுபாட்டைக்கூட அறியாமல் நாம் மதிப்பெண் போடுகிறோம். மேலைநாட்டு இசைநாடகத்தில் உச்சக்குரலுக்குச் சற்றுக் கீழே உள்ள பெண்குரலுக்கு மெஸ்ஸோ சொப்ரானோ என்று தனிப்பெயரே உண்டு. பிசே 1875இல் அரங்கேற்றிய 'கார்மென்' இசைநாடகத்தின் நாயகியே அக்குரலுக்கு உரியவள். அங்கே அதற்குப் புகழ்பெற்ற வேடம் இருக்கிறது. நம் போட்டி மேடையில் அதற்கு ஆறுதல் பரிசுகூட இல்லை.

"காலம் மாறிவிட்டது, இப்போது பிள்ளைகள் மெல்லிசைதானே கேட்கிறார்கள்?" என்பீர்கள். மென்குரலை நான் பழிக்கவில்லை. அதுவும் அழகே. அது ஒன்றே அழகு என்பதைத்தான் எதிர்க்கிறேன். கரோக்கே இசையைப் போட்டுவிட்டு, யாரோ ஒரு பாடகியின் சுருதிக்குப் பத்து வயதுப் பிள்ளையின் தொண்டையை இழுக்கிறோமே, இது கற்பித்தலா? செருப்புக்கேற்பக் காலை வெட்டுவதல்லவா? பிள்ளைக்கு ஏற்பச் சுருதியை வையுங்கள். நீதிபதிகளாக அமரும்போது, 'குரல் வளம்' என்ற கட்டத்தில் உங்கள் விருப்பத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

பெற்றோரே, "பெண்பிள்ளை இப்படிக் கத்தலாமா?" என்று கேட்பதற்குமுன் ஒரு மாலை பிள்ளையோடு அமர்ந்து 'ஔவையார்' பாருங்கள். ஆசிரியர்களே, அடுத்த மாறுவேடப் போட்டியில் ஔவையாக வரும் குழந்தையிடம், "கோலை ஊன்றிக்கொள், முதுகை வேண்டுமானால் வளைத்துக்கொள், குரலை மட்டும் நிமிர்த்து" என்று சொல்லுங்கள்.

என் மாணவியிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.