பார்லி பீரையும் சோள பீரையும் ஒன்றாக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளின் உணவு பற்றிய தங்கள் கட்டுரை பயனுள்ளது. ஆனால் அமெரிக்காவில் விற்கும் சில பீர்களை அது 'குளூட்டன் இல்லாதவை' என்று ஒரே பட்டியலில் அடக்கிவிட்டது. அவை இரண்டு வகை.

ஒன்று, குளூட்டனே இல்லாத தானியங்களில் காய்ச்சுவது. மில்வாக்கியின் லேக்ஃபிரண்ட் பீர் ஆலை 2006-இல் சோளத்திலும் அரிசியிலும் காய்ச்சிய 'நியூ கிரிஸ்ட்' பீரைக் கொண்டுவந்தது. சியாட்டிலின் கோஸ்ட்ஃபிஷ் ஆலைக்குள் பார்லியே நுழைவதில்லை. இது எளிய வேலை அல்ல. சோள மாவுச்சத்து பார்லியைவிட அதிகச் சூட்டில்தான் இளகும். அந்தச் சூட்டில், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் முளைதானிய நொதிகள் செயலிழந்துவிடும். எனவே பல கட்டமாகக் காய்ச்ச வேண்டும், அல்லது வெளியிலிருந்து நொதி சேர்க்க வேண்டும்.

மற்றொன்று, பார்லியில் காய்ச்சி, நொதியால் குளூட்டனை உடைப்பது. உடைந்த துண்டுகளை இன்றைய பரிசோதனைகளால் நம்பகமாக அளக்க முடியாது. அதனால்தான், 'குளூட்டன் இல்லாதது' என்று முத்திரையிடும் புளித்த உணவுகளில், புளிக்கும் முன்பே மூலப்பொருள்கள் குளூட்டன் இல்லாதவையாக இருக்க வேண்டும் என்று 2020-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ) விதித்தது.

என் தங்கைக்குச் சீலியாக். பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் 'பார்லி' இருக்கிறதா என்று தேடிய பிறகே வாங்குவாள். சிறுகுடல் சேதமடையும் நோயில் இந்தத் தேடலை நோயாளியின் தலையில் கட்டுவது நியாயமல்ல. கடைகள் இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைக்கட்டும். தங்கள் இதழும் அடுத்த பட்டியலில் இரண்டையும் பிரித்தே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சியாட்டில்