15 லட்சத்துக்கு பென்ஸ், பி.எம்.டபிள்யூ... தினமும் ஆபீஸ் போக கட்டுப்படியாகுமா? முழு கணக்கு இதோ!

புதிதாக வாங்கினால் 50, 60 லட்சம் ரூபாய். அதே கார் ஆறேழு வருஷம் ஓடிய பிறகு 15 லட்சம் ரூபாய்க்கு விற்பனைக்கு வருகிறது. ஒரு நடுத்தர எஸ்.யூ.வி. வாங்கும் காசில் பென்ஸோ, பி.எம்.டபிள்யூவோ, ஆடியோ வீட்டு வாசலில் நிற்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

"மாசம் இ.எம்.ஐ. எவ்வளவு வரும்?" என்பதுதான் பெரும்பாலானோர் முதலில் கேட்கும் கேள்வி. பிரச்சனையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சொகுசு காரைப் பொறுத்தவரை இ.எம்.ஐ. என்பது மொத்த செலவில் பாதிகூட கிடையாது. மீதி எங்கே போகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

முதல் காரணம், ஜி.எஸ்.டி. மாற்றம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 40 சதவீதம் ஆனது. அதற்கு முன்பு செஸ் வரியும் சேர்த்து 45 முதல் 50 சதவீதம் வரை இருந்தது. புது காரின் விலை குறையும்போது, பழைய காரின் விலையும் இறங்கத்தானே செய்யும்?

இரண்டாவது காரணம், டெல்லி. தலைநகர் பகுதியில் 10 வருஷம் தாண்டிய டீசல் கார்களும், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் கார்களும் ஓடக்கூடாது என்ற உத்தரவு நீண்ட காலமாக இருக்கிறது. 2025 ஜூலை 1-ம் தேதி இந்த வண்டிகளுக்கு பெட்ரோல், டீசல் தரக்கூடாது என்ற நடைமுறை வந்து, எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4 மற்றும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான் என்று மாற்றியது. இந்தக் குழப்பத்தால் வயசான சொகுசு கார்களை அங்கே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதும், அவை மற்ற மாநிலங்களுக்கு வருவதும் நடக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். பழைய காருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றதும் முழு விலைக்கும் வரி என்று பலர் பயந்தார்கள். அப்படி இல்லை. 14 லட்சத்துக்கு வாங்கிய காரை டீலர் 15 லட்சத்துக்கு விற்றால், இடையில் இருக்கும் 1 லட்சத்துக்குத்தான் வரி. அதாவது 18 ஆயிரம். தனிநபர் தன் சொந்த காரை இன்னொரு தனிநபருக்கு விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது.

கார் விலை இறங்கும்... பாகங்கள் விலை இறங்காது!

மொத்த விஷயமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். 60 லட்சம் ரூபாய் கார் 15 லட்சத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் ஹெட்லைட், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், சென்சார் எல்லாம் இன்னமும் 60 லட்சம் ரூபாய் காரின் பாகங்கள்தான். அவற்றுக்கு 'செகண்ட் ஹேண்ட்' விலை கிடையாது.

"சென்னைக்குப் பக்கத்துல மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலதானே பி.எம்.டபிள்யூ. தயாராகுது, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. 2007 முதல் அங்கே ஆலை இருப்பது உண்மைதான். ஆனால் கணிசமான பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே பொருத்தப்படுபவை. அதனால் ஆலை பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஸ்பேர் பார்ட்ஸ் மலிவாகிவிடாது.

மாசம் எவ்வளவு ஆகும்?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். வேளச்சேரியில் குடியிருப்பவர், ஓ.எம்.ஆர். வழியாக சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறார். ஒரு வழிக்கு சுமார் 20 கி.மீ. என்றால் தினமும் 40 கி.மீ., மாதம் 25 நாளுக்கு 1,000 கி.மீ., வருஷத்துக்கு 12,000 கி.மீ. காரின் விலை 15 லட்சம். கையிலிருந்து 5 லட்சம் போட்டு, மீதி 10 லட்சத்துக்கு 12 சதவீத வட்டியில் 5 வருஷ கடன். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். மாடல், வயசு, வங்கியைப் பொறுத்து மாறும்.

● இ.எம்.ஐ.: மாதம் சுமார் 22,250 ரூபாய்.

● பெட்ரோல்: நெரிசலில் லிட்டருக்கு 8 கி.மீ. கொடுத்தால் மாதம் 12,500 ரூபாய்.

● இன்சூரன்ஸ்: வருஷம் 45,000 ரூபாய். இதில் 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கான மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் 7,897 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி.

● வழக்கமான சர்வீஸ்: வருஷம் 40,000 ரூபாய்.

● டயர்: நாலும் சேர்த்து 80,000 ரூபாய், 40,000 கி.மீ. தாங்கும் என்றால் வருஷத்துக்கு 24,000 ரூபாய்.

● எதிர்பாராத ரிப்பேருக்கு ஒதுக்கி வைக்க: வருஷம் 1 லட்சம் ரூபாய்.

கடைசி நாலையும் மாதக் கணக்கில் பிரித்தால் 17,400 ரூபாய் வருகிறது. எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 52,000 ரூபாய். "22 ஆயிரம் இ.எம்.ஐ.தானே, சமாளிச்சிடலாம்" என்று நினைத்தவருக்கு அதற்கு மேல் இன்னொரு 30 ஆயிரம் காத்திருக்கிறது. மாதம் ஒன்றரை லட்சம் கையில் வாங்குபவருக்கே இது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

சின்ன காரோடு ஒப்பிட்டால்?

இ.எம்.ஐ.யில் அசலும் இருக்கிறது. காரை விற்றால் கொஞ்சம் காசு திரும்பியும் வரும். அதனால் நியாயமான ஒப்பீட்டுக்கு அசலை விட்டுவிட்டு, வட்டியையும் கார் விலை இறங்குவதையும் சேர்க்க வேண்டும்.

5 வருஷம் கழித்து சொகுசு கார் ஏழரை லட்சத்துக்குப் போனால், வருஷத்துக்கு 1.5 லட்சம் இழப்பு. வட்டி வருஷத்துக்கு சராசரியாக 67,000. பெட்ரோல் 1.5 லட்சம். மற்ற செலவுகள் 2.09 லட்சம். ஆக மொத்தம் வருஷத்துக்கு 5.76 லட்சம். கிலோமீட்டருக்கு 48 ரூபாய். தினமும் ஆபீஸ் போய்வர 1,920 ரூபாய்!

இதே தூரத்துக்கு 10 லட்சம் ரூபாய் புது ஹேட்ச்பேக். 5 லட்சம் முன்பணம், 9 சதவீத வட்டியில் 5 லட்சம் கடன், லிட்டருக்கு 16 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் பெட்ரோல் 75,000, விலை இறக்கம் 90,000, வட்டி 25,000, இன்சூரன்ஸ் முதல் ரிப்பேர் வரை எல்லாம் சேர்த்து 51,000. மொத்தம் வருஷத்துக்கு 2.41 லட்சம். கிலோமீட்டருக்கு 20 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: இரண்டுக்கும் இடையே பெட்ரோலில் வித்தியாசம் மாதம் 6,250 ரூபாய்தான். "மைலேஜ் கம்மியா இருந்தா பரவாயில்ல" என்று மனசைத் தேற்றிக்கொள்பவர்கள் பலர். ஆனால் பெரிய ஓட்டை மைலேஜில் இல்லை. ரிப்பேரிலும், விலை இறக்கத்திலும், வட்டியிலும் இருக்கிறது.

இன்சூரன்ஸில் ஒளிந்திருக்கும் சிக்கல்

5 வருஷம் தாண்டிய காரின் ஐ.டி.வி. மதிப்பு, இன்சூரன்ஸ் நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. பிரீமியம் குறையட்டும் என்று இதைக் குறைத்துப் போடுவது பலரின் வழக்கம். சொகுசு காரில் இது ஆபத்து. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை 'டோட்டல் லாஸ்' என்று கணக்கு முடித்துவிடுவார்கள். பாகங்கள் புது விலையில் இருப்பதால், சின்ன காருக்கு சாதாரணமாக முடிந்துபோகும் ஒரு விபத்து, இங்கே அந்த எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடும்.

அப்படி நடந்தால் பணம் முதலில் கடன் கொடுத்த வங்கிக்குப் போகும். மேலே சொன்ன உதாரணத்தில், ஒரு வருஷம் முடிந்ததும் கடன் பாக்கி சுமார் 8.45 லட்சம். ஐ.டி.வி. 13 லட்சம் என்றால் உரிமையாளர் கைக்கு வருவது நாலரை லட்சம் சொச்சம். அவர் அதுவரை போட்டதோ முன்பணமும் தவணையுமாக 7.67 லட்சம்.

இன்னொன்று, 'ஜீரோ டெப்ரிசியேஷன்' பாலிசி வயசான கார்களுக்குக் கிடைப்பது கஷ்டம். அது இல்லாவிட்டால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையை உரிமையாளரே கட்ட வேண்டும். பழைய ஓனரின் 'நோ கிளைம் போனஸ்' காரோடு சேர்ந்து வராது என்பதையும் மறக்கக் கூடாது.

டீசலா, பெட்ரோலா?

"டீசல்னா மைலேஜ் கிடைக்கும்" என்ற பழைய கணக்கு நகர ஓட்டத்துக்கு ஒத்துவராது. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். ஃபில்டர், காரைத் தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓட்டும்போதுதான் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். சிக்னலுக்கு சிக்னல் நின்று போகும் காருக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் செலவு பெரிது.

பெட்ரோல் காருக்கு இ20 கவலை. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல கார்கள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. காரின் கையேட்டிலும் பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கத்திலும் நிறுவனம் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

வெள்ளத்தில் மூழ்கிய காரா?

சென்னையில் பழைய கார் வாங்குபவர்கள் 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் மறக்க முடியாது. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் கார்கள் தண்ணீரில் மிதந்ததை ஊரே பார்த்தது. செடான்கள் தரையோடு ஒட்டி நிற்பவை, எலக்ட்ரானிக்ஸும் அதிகம். தண்ணீர் புகுந்த காரில் வயரிங் கோளாறு பல மாதம் கழித்துக்கூட தலைகாட்டும்.

சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக்கறை தெரியலாம். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கிய பிறகும் இன்ஜினுக்கான கூடுதல் கவர் அவசியம். தேங்கிய தண்ணீரில் ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், சாதாரண பாலிசியில் அந்த இழப்புக்குப் பணம் கிடைப்பது கடினம்.

டெல்லி கார் லாபமா?

காரின் விலையோடு முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் கட்டாயம். அதற்கு இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். காரின் வயசுக்கு ஏற்ப வரி குறையும் என்றாலும், 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு 20 சதவீதம் வசூலிக்கும் மாநிலம் இது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரி எவ்வளவு என்று உறுதி செய்த பிறகு அட்வான்ஸ் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

அப்போ யாருக்கு சரிப்படும்?

கடன் இல்லாமல் வாங்க முடிகிறவர்கள், காரின் விலையோடு தனியாக 3 லட்சம் ரூபாயாவது ரிப்பேருக்கென்று எடுத்து வைக்க முடிகிறவர்கள், வீட்டில் இன்னொரு வண்டி இருப்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம். பாதுகாப்பு, இருக்கை சொகுசு, ஹைவேயில் கிடைக்கும் நிதானம் எல்லாம் உண்மையான பலன்கள்தான். பி.எம்.டபிள்யூ. பிரீமியம் செலக்‌ஷன், ஆடி அப்ரூவ்டு பிளஸ் போல நிறுவனங்களே சோதித்து விற்கும் கார்கள் விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் வாரண்டி கிடைத்தால் அந்த ஒரு லட்ச ரூபாய் ரிப்பேர் பயம் பெருமளவு குறையும். நகர நெரிசலில்தான் ஓட்டம் என்றால் டொயோட்டா கேம்ரி போன்ற ஹைபிரிட் செடானையும் பார்க்கலாம். அதில் பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம் மிச்சம் என்பதுதான் முதல் கேள்வி.

சேமிப்பை வழித்துப் போட்டு, மீதிக்குக் கடன் வாங்கி, அதே காரில் தினமும் வேலைக்குப் போக வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. கியர்பாக்ஸ் ஒரு தடவை மக்கர் செய்தால் கார் சர்வீஸ் சென்டரில் நிற்கும், இ.எம்.ஐ. நிற்காது, ஆபீஸுக்கு ஆட்டோ செலவும் தனி.

முடிவு எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காரை வாங்காமலே, மூன்று மாதம் தொடர்ந்து 52,000 ரூபாயைத் தனி கணக்கில் போட்டு வைக்க வேண்டும். இப்போதைய போக்குவரத்துச் செலவை மட்டும் அதில் கழித்துக்கொள்ளலாம். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு எதிலும் கை வைக்காமல் அது முடிந்தால், அந்த கார் அவருக்குக் கட்டுப்படியாகும். முடியாவிட்டால், மூன்று மாதச் சேமிப்பாவது கையில் மிஞ்சும்.